என்ட்ரிக்கு முன்னும் பின்னும்: தோட்டத்துக் குற்றத்தை எண்ணுவது எப்படி

இலங்கையின் மலையகத் தேயிலைத் தோட்டங்களில், ஹட்டன், தலவாக்கலை, பண்டாரவளைப் பக்கம் குற்றம், பொலிஸ், நீதிமன்றம் என்று தலைப்பெடுத்து ஆய்வுக்கு இறங்குகிறவர்கள் முதலில் ஓடுவது பொலிஸ் புள்ளிவிபரத்தை நோக்கித்தான். என்னைக் கேட்டால் அது கடைசியாகத் திறக்க வேண்டிய கதவு. தோட்டத்தில் ஒரு அடிதடியோ களவோ பொலிஸ் புத்தகத்தில் ஒரு வரியாக, அதாவது ஒரு என்ட்ரியாக, மாறுவதற்குள் நாலைந்து படிகளைக் கடந்து வர வேண்டும். ஒவ்வொரு படியிலும் கொஞ்சம் உதிர்ந்துவிடும். கடைசியில் நிற்கும் எண் குற்றத்தின் அளவைச் சொல்லாது. எத்தனை பேர் அந்தப் படிகளைத் தாண்டி வந்தார்கள் என்பதைத்தான் சொல்லும். ஆய்வுத் திட்டத்தை இந்தப் படிகளை வைத்து வரைந்தால் வேலை உருப்படும்.

முதல் படி லயத்துக்குள்ளேயே, அதாவது தொழிலாளரின் வரிசை வீடுகளுக்குள்ளேயே, இருக்கிறது. பிரச்சினை என்றால் முதலில் போவது தோட்டத் தலைவரிடம், அதாவது தொழிற்சங்கத் தலைவரிடம். சில இடங்களில் கோயில் கமிட்டி, சில இடங்களில் மாதர் சங்கத் தலைவி. அங்கே தீராவிட்டால் கண்டாக்கையா (வெளிக்கள உத்தியோகத்தர்), ஆபீஸ், துரை (தோட்ட முகாமையாளர்). கொழுந்துத் திருட்டு, விறகு வெட்டியது, மேற்பார்வையாளரோடு கைகலப்பு என்றால் நிர்வாகமே விசாரணை வைத்து வேலை நிறுத்தி வைக்கும். பொலிஸுக்குப் போவதை விட இந்தத் தண்டனை கடுமையாக இருக்கலாம். ஆனால் எந்தக் குற்ற அட்டவணையிலும் இதைக் காண முடியாது. எனவே களத்தில் முதலில் தயாரிக்க வேண்டியது ஒரு வழித்தடப் பட்டியல்: ஒவ்வொரு சம்பவத்துக்கும் முதலில் யாரிடம் சொன்னார்கள், எத்தனை நாள் கழித்து, அங்கே என்ன சொல்லப்பட்டது, அடுத்து எங்கே போனார்கள், எங்கே நின்றுபோனது. ஒரு டிவிஷனில் (தோட்டத்தின் ஒரு பிரிவில்) முப்பது சம்பவத்துக்கு இதை ஒழுங்காக நிரப்பினால், மாவட்டத்துக்கான பத்தாண்டுப் புள்ளிவிபரம் சொல்லாத விஷயத்தை அது சொல்லும்.

தலைவர் சமரசம் செய்து வைப்பதை நல்லது என்றோ கெட்டது என்றோ ஆரம்பத்திலேயே முடிவு கட்டிவிடக் கூடாது. பக்கத்து வீட்டுக் கோழிச் சண்டைக்கு அதைவிட மலிவான, விரைவான வழி கிடையாது. பெண்டாட்டியை அடித்தவனும் தலைவரும் ஒரே சங்கம், ஒரே உறவுமுறை என்றால் கதை வேறு. இரண்டையும் ஒரே குறியீட்டில் போட்டுவிட்டால் பிறகு எந்தப் பகுப்பாய்வும் உதவாது.

என்ட்ரி எந்த மொழியில்

பொலிஸ் நிலையத்துக்குள் நுழைந்ததும் தொடங்குவது மொழிப் பிரச்சினை. 1979ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் 109ஆம் பிரிவை ஆய்வாளர்கள் மனப்பாடமாக வைத்திருக்க வேண்டும். வாய்மொழியாகச் சொல்லப்படும் முறைப்பாடு, சொல்லப்பட்ட அதே மொழியில் எழுதப்பட்டு, சொன்னவருக்கு வாசித்துக் காட்டப்பட வேண்டும். அந்த மொழியில் எழுத அதிகாரியால் முடியாவிட்டால், முறைப்பாட்டாளரையே எழுதித் தரும்படி கேட்க வேண்டும். அவராலும் முடியாவிட்டால்தான் தேசிய மொழிகளில் ஒன்றில் எழுதலாம். அப்போதும் ஏன் அப்படி எழுதினேன் என்ற காரணத்தைக் குறித்துவைத்து, அவருக்கு விளங்கும் மொழியில் பெயர்த்துச் சொல்ல வேண்டும்.

அந்தக் காரணக் குறிப்பு ஆய்வாளருக்குக் கிடைத்த புதையல். தமிழர் பெயரில் உள்ள சிங்கள வாக்குமூலங்களை எடுத்து, அவற்றில் எத்தனையில் காரணம் எழுதப்பட்டிருக்கிறது, எத்தனையில் வாசித்துக் காட்டியதாகக் குறிப்பு இருக்கிறது என்று எண்ணினாலே ஒரு முழு அத்தியாயம் தேறும். மொழிபெயர்த்தது யார் என்பதையும் பாருங்கள். நிலையத்தில் தமிழ் தெரிந்த அதிகாரி லீவில் இருந்தால், வாசலில் நிற்கும் ஓட்டோக்காரரோ கூடவே வந்த சொந்தக்காரரோ மொழிபெயர்ப்பாளர் ஆகிவிடுவார். "கையப் புடிச்சு இழுத்தான்" என்று தமிழில் சொன்னது சிங்களத்தில் வெறும் "சண்டை" என்று இறங்கினால், குற்றத்தின் பிரிவே மாறிப்போகும்.

பிரிவு மாறினால் புத்தகமும் மாறும். பாரதூரமான குற்றங்களுக்கு ஒரு தகவல் புத்தகம், சிறு குற்றங்களுக்கு ஒன்று, சில்லறை முறைப்பாடுகளுக்கு இன்னொன்று. தண்டனைச் சட்டக்கோவையின் 314ஆம் பிரிவு சாதாரண காயம், 316ஆம் பிரிவு கடுங்காயம். எலும்போ பல்லோ முறிந்தால் கடுங்காயம். ஆண்டுதோறும் வெளியாகும் பாரதூரமான குற்ற அட்டவணையில் கடுங்காயமும் கத்திக்குத்தும் இருக்கும், 314 இருக்காது. வருடக்கணக்காக வீட்டுக்குள் கன்னத்தில் அறை வாங்கும் பெண் அந்த அட்டவணைக்குள் வரவே மாட்டாள், பல் உடையும் நாள் வரைக்கும்.

காயம் எந்த வகை என்பதைத் தீர்மானிப்பது மருத்துவ அறிக்கை. அதற்குப் பொலிஸ் தரும் சட்ட மருத்துவப் பரிசோதனைப் படிவத்தோடு அரச வைத்தியசாலைக்குப் போக வேண்டும். தோட்டத்து மருந்துச்சாலையில் கட்டுப் போட்டுவிட்டு வேலைக்குப் போனவருக்கு அந்தக் காகிதம் கிடையாது. டிக்கோயா ஆதார வைத்தியசாலைக்கோ நுவரெலியாவுக்கோ போவதென்றால் ஒரு நாள் பேர், அதாவது நாட்சம்பளம் போகும், பஸ் காசும் போகும். மருத்துவப் படிவம் இருக்கிறதா இல்லையா, சம்பவத்துக்கும் பரிசோதனைக்கும் இடையே எத்தனை மணி நேரம் என்ற இரண்டு நிரல்களையும் உங்கள் தரவுத் தாளில் கட்டாயம் சேருங்கள்.

அட்டவணையை வாசிக்கும்போது வழுக்கும் இடங்கள்

முதல் வழுக்கல் எல்லை. பொலிஸ் எண்கள் பொலிஸ் பிரிவுவாரியாக வரும். சனத்தொகை எண்கள் மாவட்டம், பிரதேச செயலகப் பிரிவு, கிராம உத்தியோகத்தர் பிரிவு என்று வரும். நுவரெலியா நிர்வாக மாவட்டத்துக்குள் நுவரெலியா, ஹட்டன் என்று தனித்தனிப் பொலிஸ் பிரிவுகள் இருக்கின்றன. "நுவரெலியாவில் இத்தனை" என்று பொலிஸ் அட்டவணையில் பார்த்துவிட்டு, 2012 குடிசன மதிப்பீட்டின் மாவட்டச் சனத்தொகையான 711,644ஆல் வகுத்தால் விடை தப்பு. ஹட்டனைச் சேர்க்காத தொகுதியை, ஹட்டனையும் சேர்த்த மக்களால் வகுத்திருப்பீர்கள். ஐந்தாக இருந்த பிரதேச செயலகப் பிரிவுகள் பத்தாகப் பிரிக்கப்பட்ட பிறகு, பழைய அம்பகமுவையும் புதிய அம்பகமுவையும் ஒன்றல்ல என்பதையும் மறந்துவிடாதீர்கள்.

இரண்டாவது, "தோட்டம்" என்ற நிரலே பொலிஸ் அட்டவணையில் இல்லை. தொகைமதிப்புத் திணைக்களம் நகரம், கிராமம், தோட்டம் என்று மூன்றாகப் பிரிக்கும். 20 ஏக்கருக்கு மேற்பட்டு, பத்துப் பேருக்குக் குறையாத தொழிலாளர் குடியிருக்கும் பெருந்தோட்டமே அதன் கணக்கில் தோட்டம். 2012இல் நாட்டின் சனத்தொகையில் 4.4 வீதம் இந்தத் துறைக்குள் வந்தது. பொலிஸ் பதிவுகளில் முகவரியை வைத்து நாமே பிரித்தால்தான் உண்டு. அதற்கு ஒரு விதியை முன்கூட்டியே எழுதிவையுங்கள்: சம்பவம் நடந்த இடத்தை வைத்தா, முறைப்பாட்டாளர் குடியிருக்கும் இடத்தை வைத்தா? கொழும்பில் கடை வேலை செய்துவிட்டுப் பொங்கலுக்கு வந்தவர் டவுனில் பணப்பையைப் பறிகொடுத்தால் அது எந்தக் கணக்கு? பாதி வழியில் விதியை மாற்றினால் மொத்தத்தையும் திரும்பக் குறியிட நேரும்.

இனவாரிக் கணக்கில் இன்னும் எச்சரிக்கை வேண்டும். குடிசன மதிப்பீட்டில் அவரவர் சொல்வதே பதிவாகும். மலையகத் தமிழரில் ஒரு பகுதியினர் "இலங்கைத் தமிழர்" நிரலுக்குள்ளும் இருக்கிறார்கள். ஆகவே "இந்தியத் தமிழர்" நிரலை மட்டும் கீழே வைத்து வகுத்தால் குற்ற வீதம் செயற்கையாக ஊதும். இப்படி ஊதிய எண் ஒரு சமூகத்தின் தலையில் எவ்வளவு காலம் உட்கார்ந்திருக்கும் என்று நான் சொல்லத் தேவையில்லை.

மூன்றாவது, சிறிய எண்கள். கற்பனைக்கு ஒரு நிலையப் பரப்பில் 30,000 பேர் என்று வையுங்கள். ஓர் ஆண்டில் 3 கொலை. ஒரு லட்சத்துக்கு 10. அடுத்த ஆண்டு 4. ஒரு லட்சத்துக்கு 13.3. "கொலை 33 வீதம் உயர்வு" என்று தலைப்புப் போட்டுவிடலாம். ஆனால் 3 என்ற எண்ணுக்குப் பொயிசோன் முறையில் (அரிதான சம்பவங்களின் எண்ணிக்கைக்கான புள்ளியியல் முறை) 95 வீத நம்பிக்கை இடைவெளி, அதாவது உண்மை மதிப்பு இருக்கக்கூடிய எல்லை, போட்டால் ஏறக்குறைய 0.6 முதல் 8.8 வரை வரும். வீதமாக மாற்றினால் ஒரு லட்சத்துக்கு 2 முதல் 29 வரை. இந்த அகலத்துக்குள் 13.3 ஒரு செய்தியே அல்ல. நிலைய மட்டத்தில் பேசுவதென்றால் குறைந்தது ஐந்தாண்டுகளைச் சேர்த்துக் கூட்டுங்கள். மேலும், அட்டவணையில் களவு, மோசடி போன்றவற்றுக்குப் பண மதிப்பு வரம்பு உண்டு. ஒன்று, வரம்பு உயர்த்தப்படும் ஆண்டில் குற்றம் "குறையும்". மற்றது, வரம்பு மாறாமலே விலைவாசி ஏறும் ஆண்டுகளில் குற்றம் "கூடும்". கேஸ் சிலிண்டர் அதே சிலிண்டர்தான், விலை மட்டும் வரம்பைத் தாண்டியிருக்கும்.

கசிப்பு (கள்ளச்சாராயம்) பற்றி எழுதுகிறவர்கள் பொலிஸோடு நிறுத்திவிடாமல் மதுவரித் திணைக்களத்துக்கும் போக வேண்டும். 1912ஆம் ஆண்டின் மதுவரிக் கட்டளைச் சட்டத்தின் கீழ் இருவருமே பிடிக்கிறார்கள், இருவரும் தனித்தனியாக எண்ணுகிறார்கள். இந்த எண்கள் குடியை அளக்கா. எத்தனை தடவை சுற்றி வளைத்தார்கள் என்பதைத்தான் அளக்கும்.

தகவல் கேட்கும் கடிதம்

வெளியிடப்பட்ட அட்டவணை போதாது என்னும்போது 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் கைகொடுக்கும். 2017 பெப்ரவரி 3 முதல் நடைமுறையில் இருக்கிறது. பிரஜையாக இருந்தால் போதும், எதற்காகக் கேட்கிறீர்கள் என்று சொல்லத் தேவையில்லை. 14 வேலை நாட்களுக்குள் தகவல் அலுவலர் முடிவு சொல்ல வேண்டும், தகவலைத் தரும் காலத்தைச் சில சமயம் மேலும் 21 நாள் வரை நீட்டலாம். மறுத்தால் 14 நாட்களுக்குள் குறித்தளிக்கப்பட்ட அலுவலரிடம் மேன்முறையீடு, அவருக்கு மூன்று வாரம். அதற்குப் பிறகு இரண்டு மாதத்துக்குள் தகவல் அறியும் உரிமை ஆணைக்குழு. ஆகவே மறுப்பு வருமென்று வைத்துக்கொண்டு, களப்பணிக்குக் குறைந்தது ஆறு மாதம் முன்பே கடிதம் போய்ச் சேர வேண்டும்.

இதில் அதிகம் சொதப்புவது கேள்வியின் வடிவத்தில். "தோட்டப் பகுதிக் குற்றங்கள் பற்றிய தகவல் தருக" என்று கேட்டால் "அவ்வாறான தகவல் எம்மிடம் இல்லை" என்று ஒரு வரியில் பதில் வரும். அதில் பொய்யும் இல்லை, அப்படியொரு நிரல் அவர்களிடம் கிடையாதுதான். நிலையத்தின் பெயர், புத்தகத்தின் வகை, தண்டனைச் சட்டக்கோவைப் பிரிவு இலக்கம், ஆண்டு, மாதவாரி எண்ணிக்கை என்று அவர்களுடைய ஏட்டின் வடிவத்திலேயே வெற்று அட்டவணையை இணைத்து அனுப்புங்கள். பெயர்களைக் கேட்காதீர்கள், எண்ணிக்கை மட்டும் கேளுங்கள். நடந்துகொண்டிருக்கும் விசாரணை, தனிநபர் அந்தரங்கம் ஆகியவற்றைச் சொல்லி 5ஆம் பிரிவின் கீழ் மறுக்க வாய்ப்புக் கொடுக்க வேண்டாம். ஒவ்வொரு நிலையத்துக்கும் தனித்தனிக் கடிதமாகப் போட்டால், ஒன்று மறுக்கப்பட்டாலும் மற்றவை தப்பும்.

மத்தியஸ்த சபை என்ற வடிகட்டி

1988ஆம் ஆண்டின் 72ஆம் இலக்கச் சட்டத்தால் வந்த மத்தியஸ்த சபைகளை நம் ஆட்கள் இணக்க சபை என்பார்கள். வார இறுதியில், பெரும்பாலும் பாடசாலைக் கட்டடங்களில் கூடும். சிறு காயம், அத்துமீறல், சேதம் விளைவித்தல் போன்ற குறித்த சில குற்றங்களும், குறித்த தொகைக்குட்பட்ட பணப் பிணக்குகளும் முதலில் இங்கே வர வேண்டும். இணக்கம் காணவில்லை என்ற சான்றிதழ் இல்லாமல் அவற்றை நீதிமன்றம் ஏற்காது. சபைக்கு வந்த விண்ணப்பம், இணக்கம் கண்டது, சான்றிதழ் கொடுத்தது, ஒரு தரப்பு வராமல் போனது என்ற நாலு எண்களையும் கேட்டு வாங்குங்கள். "இணக்கம் கண்டது" என்ற எண் உயர்ந்திருந்தால் வெற்றி என்று எழுதிவிடாதீர்கள். சனி, ஞாயிறு மூன்று தடவை டவுனுக்கு வந்து அலுத்துப்போய்க் கையெழுத்துப் போட்டவரும் அதற்குள்தான் இருக்கிறார்.

வீட்டு வன்முறை இங்கே புகுவதுதான் எனக்கு உறுத்தும் இடம். கணவன் அடித்தது 314 ஆகப் பதியப்பட்டால், அது சபைக்கு அனுப்பத்தக்க சாதாரண காயம் ஆகிவிடும். 2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டத்தின் கீழ், பாதிக்கப்பட்டவரோ அவர் சார்பில் பொலிஸ் அதிகாரியோ நீதவானிடம் பாதுகாப்புக் கட்டளை கேட்கலாம். இடைக்காலக் கட்டளை 14 நாள் வரை, முழுக் கட்டளை 12 மாதம் வரை. ஆனால் இது குற்ற வழக்கு அல்லாததால் குற்ற அட்டவணையிலும் ஏறாது. ஆக மூன்று இடத்தில் தேட வேண்டும்: சிறு குற்றப் புத்தகம், சபைப் பதிவேடு, நீதவான் நீதிமன்றத்தின் பாதுகாப்புக் கட்டளைப் பதிவு. மூன்றையும் கூட்டினாலும் முழுசு வராது. 2019இல் தொகைமதிப்புத் திணைக்களம் நாடு முழுவதும் நடத்திய பெண்கள் நலன் ஆய்வில், துணை இருக்கும் அல்லது இருந்த பெண்களில் 20.4 வீதத்தினர் வாழ்நாளில் ஒரு தடவையாவது துணையின் உடல் அல்லது பாலியல் வன்முறைக்கு ஆளானதாகச் சொன்னார்கள். உங்கள் நிலையத்துப் புத்தகத்தை இந்த ஐந்தில் ஒன்றுக்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

நீதிமன்ற வாங்கில் உட்கார்ந்து

அரசியலமைப்பின் 106ஆம் உறுப்புரை நீதிமன்ற அமர்வுகளைப் பொதுமக்களுக்குத் திறந்து வைத்திருக்கிறது. ஹட்டன் நீதவான் நீதிமன்றத்தில் பின் வாங்கில் உட்கார்ந்து குறிப்பெடுக்கத் தடையில்லை. ஆனாலும் முதல் நாளே பதிவாளரைக் கண்டு சொல்லிவிடுவது மரியாதை, பாதுகாப்பும் கூட. போனை அணைத்துவையுங்கள், ஒலிப்பதிவு வேண்டவே வேண்டாம். வழக்கேட்டைப் பார்ப்பதென்றால் பதிவாளர் வழியாக நீதவானின் எழுத்து அனுமதி தேவை.

குறிப்புத் தாளில் இவை இருக்கட்டும்: வழக்கு அழைக்கப்பட்ட நேரம், முடிந்த நேரம், குற்ற வகை, சந்தேகநபர் பேசிய மொழி, மன்று பேசிய மொழி, உரைபெயர்ப்பாளர் வாய் திறந்தாரா, சட்டத்தரணி இருந்தாரா, பிணையா விளக்கமறியலா, அடுத்த தவணை. முழு வாக்கியங்கள் எழுத நேரம் இராது, வழக்கு இரண்டு மூன்று நிமிடத்தில் ஓடிவிடும். உரைபெயர்ப்பு முழுதாக நடந்ததா, சுருக்கம் மட்டுமா, "குற்றத்தை ஒப்புக்கொள்கிறாயா" என்ற ஒரு கேள்விக்கு மட்டுமா என்று மூன்றாகப் பிரித்துக் குறியிடுங்கள். மூன்றாவது வகைதான் ஆய்வுக்கு மிகவும் வேண்டியது.

இங்கே பலர் இரண்டு சட்டங்களைப் போட்டுக் குழப்புகிறார்கள். மொழிச் சிறுபான்மையினரின் விகிதத்தைக் கருதி ஒரு பிரதேச செயலகப் பிரிவில் இரு மொழி நிர்வாகத்தை ஜனாதிபதி பிரகடனம் செய்யலாம் என்பது அரசியலமைப்பின் 22ஆம் உறுப்புரை. 1999இல் நுவரெலியா மாவட்டப் பிரிவுகளும் பதுளை மாவட்டத்தின் சில பிரிவுகளும் அப்படித்தான் இருமொழிப் பிரிவுகள் ஆயின. நீதிமன்ற மொழி 24ஆம் உறுப்புரை. தமிழ் நிர்வாக மொழியாக உள்ள பகுதிகளுக்கு வெளியே நீதிமன்ற மொழி சிங்களம். தமிழில் வழக்குத் தொடரவும், அரச செலவில் உரைபெயர்ப்புப் பெறவும் உரிமை உண்டு, ஆனால் பதிவு சிங்களத்தில் இருக்கும். ஆகவே "இருமொழிப் பிரதேசம், இருந்தும் நீதிமன்றம் சட்டத்தை மீறுகிறது" என்று எழுதினால் தேர்வாளர் ஒரே கோட்டில் அடித்துவிடுவார். உரைபெயர்ப்பின் தரம் என்ற கேள்வியைப் பிடியுங்கள், அதில் நிறைய இருக்கிறது.

அழைப்பாணை பற்றி ஒரு பந்தி தனியாகவே எழுத வேண்டும். லயத்து வீடுகளுக்குத் தனி முகவரி இல்லாத இடங்களில் தபால் தோட்ட ஆபீஸுக்கு வந்து, அங்கிருந்து யார் கையிலாவது கொடுத்தனுப்பப்படும். கடிதம் கிடைக்கும்போது தவணை முடிந்திருக்கும். ஆள் வராததால் பிடியாணை. வழக்கேட்டில் அது "தலைமறைவு" போலத் தெரியும். பிடியாணை எண்ணிக்கையை நழுவலுக்கான சான்றாகக் காட்டும் முன், அழைப்பாணை ஒப்படைத்த அறிக்கையைத் தேடிப் பாருங்கள். கையளித்தவர், பெற்றவர், திகதி மூன்றும் இருந்தால்தான் அது நழுவல்.

கேள்வி கேட்கும் இடமும் வார்த்தையும்

பத்துக்குப் பன்னிரண்டு அடிக் காம்பராவில், பக்கத்துக் காம்பராவின் இருமல் கேட்கும் சுவருக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து "உங்க வீட்டுக்காரர் அடிப்பாரா" என்று கேட்பது ஆய்வே அல்ல, ஆபத்து. கொழுந்து நிறுக்கும் மடுவமும் சரிவராது, கண்டாக்கையா நிற்பார். பிள்ளை மடுவத்தின் (குழந்தைகள் பகல் காப்பகம்) பின்னறை, கிளினிக் நாளில் வைத்தியசாலை வளாகம், கோயில் மண்டபத்தில் ஆள் இல்லாத வேளை என்று பார்த்துக்கொள்ளுங்கள். யாராவது உள்ளே வந்தால் மாற்றிக் கேட்க, ரேஷன் விலை பற்றியோ பிள்ளைகளின் படிப்பு பற்றியோ ஒரு போலிக் கேள்விப் பக்கம் கையில் இருக்க வேண்டும்.

"குற்றத்துக்கு ஆளானீர்களா" என்று கேட்டால் இல்லை என்பார்கள். குற்றம் என்றால் கொலை என்று எடுத்துக்கொள்வார்கள். "போன தீபாவளிக்குப் பிறகு வீட்டுச் சாமான் ஏதும் களவு போச்சா? யாராவது கை நீட்டினாங்களா? காசு வாங்கிட்டு ஏமாத்தினாங்களா?" என்று துண்டு துண்டாகக் கேளுங்கள். "கடந்த பன்னிரண்டு மாதத்தில்" என்பதை விடத் தீபாவளியும் மாரியம்மன் திருவிழாவும் நினைவில் ஊன்றி நிற்கும், அதற்கு முந்திய சம்பவங்களும் கணக்குக்குள் நுழைவது குறையும். பொலிஸ் தாக்கியது பற்றிய கேள்விகளைத் தனிப் பகுதியாக, கடைசியில் வையுங்கள். மனித உரிமை ஆணைக்குழுவுக்கு முறையிடுவதையும் உயர் நீதிமன்ற அடிப்படை உரிமை மனுவின் ஒரு மாதக் கெடுவையும் எழுதிய துண்டுத்தாள் தமிழில் கையில் இருக்கட்டும். கெடு முடிந்த பிறகு சொல்வதில் பயனில்லை.

செய்த குற்றம் பற்றிக் கேட்பவர்களுக்கு: சட்டத்தரணிக்கு உரிய இரகசியக் காப்பு என்ற கவசம் எதுவும் ஆய்வாளருக்கு நம் சட்டத்தில் கிடையாது. நீதிமன்றம் கேட்டால் குறிப்பேட்டைக் கொடுக்க நேரலாம். திகதி, இடம், பெயர் மூன்றும் ஒரே பக்கத்தில் சேராதபடி எழுதுங்கள்.

பெயர்களை இணைக்கும் வேலை தனிச் சள்ளை. தமிழில் "பாலன்" என்பவர் சிங்களத்தில் 'pa' எழுத்தோடும் வருவார், 'ba' எழுத்தோடும் வருவார். லெட்சுமி, லட்சுமி, லெச்சுமி மூவரும் ஒரே பெண்ணாக இருக்கலாம். அடையாள அட்டை இலக்கமும் பழையது ஒன்பது இலக்கம், புதியது பன்னிரண்டு. அதை இணைப்புக்கு மட்டும் பயன்படுத்திவிட்டு, தொடர்பில்லாத குறியீட்டு எண்ணைக் கொடுத்து மூலத்தை அழித்துவிடுங்கள். இரண்டு பேர் தனித்தனியாக இணைத்து, ஒத்துவராதவற்றை மட்டும் உட்கார்ந்து பேசித் தீர்ப்பது நடைமுறையில் சரிவருகிறது.

பழைய காலத்துக்குப் போக விரும்புகிறவர்கள் 1865ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கச் சேவை ஒப்பந்தக் கட்டளைச் சட்டத்திலிருந்து தொடங்கலாம். அதன்படி வேலையை விட்டு ஓடுவதே சிறைக்குரிய குற்றம். துண்டு முறையோடு (தொழிலாளியின் கடனைத் தீர்க்கும் தோட்டம் அவரை எடுத்துக்கொள்ளலாம் என்று பழைய தோட்டம் கொடுத்த சீட்டு) அந்தத் தண்டனைகளும் 1921இல் போயின. அதற்கு முந்திய பொலிஸ், சிறைக் கணக்குகளில் உள்ள "குற்றவாளி"களில் ஒரு பகுதி வேறு தோட்டத்துக்குப் போன தொழிலாளர்கள் என்பதை அட்டவணையின் அடிக்குறிப்பில் எழுதாவிட்டால் நீண்டகால ஒப்பீடே பிழைத்துப்போகும். 1940 ஜனவரியில் முல்லோயாத் தோட்டத்தில் பொலிஸ் சூட்டில் கோவிந்தன் இறந்ததை விசாரித்த ஆணைக்குழுவின் அறிக்கையும் இருக்கிறது. கொழும்பு தேசிய சுவடிகள் கூடத்துக்கு முன்கூட்டியே எழுதிப் போட்டுவிட்டுப் போனால் ஒரு நாள் மிச்சமாகும்.

எழுதி முடித்த பிறகும் ஒரு சோதனை பாக்கி. அறுபது குடும்பம் உள்ள டிவிஷனில் "நாற்பது வயது மதிக்கத்தக்க பெண் தலைவி" என்று போட்டால் பெயர் போட்டதற்குச் சமம். தோட்டத்தின் பெயரை எடுத்துவிடுங்கள், டிவிஷனை மாற்றுங்கள், வயதைப் பத்தாண்டுத் தொகுதியாக்குங்கள். எண்ணிக்கை ஐந்துக்குக் கீழே உள்ள கட்டங்களை மறையுங்கள், கூட்டுத் தொகையிலிருந்து கழித்து அதைக் கண்டுபிடிக்க முடியாதபடி பக்கத்துக் கட்டம் ஒன்றையும் சேர்த்து மறையுங்கள். பிறகு அந்தத் தோட்டத்தை அறிந்த, ஆய்வில் சம்பந்தமில்லாத ஒருவரிடம் கொடுத்து, யார் யார் என்று ஊகிக்கச் சொல்லுங்கள். ஒருவரையாவது அவர் சரியாகச் சொல்லிவிட்டால் திரும்பவும் முதலிலிருந்து.